வேலைக்குப் போகாத மூன்று மாதம்

ஜூன் 14

அன்புள்ள அம்மா,

விடுதிக்கு வந்து ஒன்பது நாள் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தொலைபேசியில் ஐந்து நிமிடம் கிடைத்தது. அதில் இரண்டு நிமிடம் அப்பா "கேக்குதா, கேக்குதா" என்று கேட்பதிலேயே போய்விட்டது. மீதி மூன்று நிமிடமும் வார்டன் எதிரே உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார். அவர் முன்னால் எதைப் பேசுவது? அதனால்தான் கடிதம்.

இயற்பியல் டீச்சர் ஒரு வேலை கொடுத்திருக்கிறார். வீட்டில் யாராவது பல வருடங்களாகக் குறித்துவைத்த எண்களைக் கொண்டுவந்து வரைபடம் போட வேண்டும். ஒருத்தி தம்பியின் உயரத்தைக் கொண்டுவருகிறாள். கதவு நிலையில் பென்சில் கோடு போட்டு வைத்திருக்கிறார்களாம். பக்கத்துக் கட்டில்காரி அவள் மாமாவின் வண்டி ஓடிய கிலோமீட்டர். எனக்கு உன் பேட்ஜ் நினைவுக்கு வந்தது. இதயக் குழாயில் கம்பி விடும் அந்த கேத் லேப் அறையில் நீ கழுத்தருகே குத்திக்கொள்வாயே, உன்மேல் எவ்வளவு கதிர்வீச்சு பட்டது என்று காட்டும் சின்னப் பட்டை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதை அனுப்பினால் பதிலுக்கு ஓர் எண் வரும் என்று சொல்லியிருக்கிறாய். பத்தொன்பது வருட எண்கள் வகுப்பில் வேறு யாரிடமும் இருக்காது. நகல் எடுத்து அனுப்புவாயா?

இன்னொன்று. விடுமுறையில் நான் கவனித்ததைச் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. வெயில் பக்கமாக உட்கார்ந்தால் நீ இடது கண்ணை மூடிக்கொண்டு பேசுகிறாய். பேருந்தின் எண்ணை மூன்று முறை என்னைப் படிக்கச் சொன்னாய். நான்காவது முறை நான் வேண்டுமென்றே தப்பாகப் படித்தேன். நீ ஏறப் போனாய்.

உன் மகள்

*

ஜூன் 23

என் வாத்தியாரம்மாவுக்கு,

பெற்ற தாய்க்கே பரீட்சை வைக்கிற பிள்ளையை இப்போதுதான் பார்க்கிறேன். கண்ணாடி மாற்ற வேண்டும், அவ்வளவுதான். நாற்பத்து நாலு வயதில் எல்லோருக்கும் வருவது.

கேட்ட எண்களை அனுப்பியிருக்கிறேன். மொத்தம் எழுபத்திரண்டு. நீ வயிற்றில் இருந்தபோதும் பிறந்த பிறகுமாகச் சேர்த்து ஒரு வருடம் என்னை அந்த அறைக்குள் விடவில்லை. அங்கே இடைவெளி இருக்கும். கோப்பைத் தேடி எடுக்க ஒரு மதியம் ஆனது. ஏணியில் ஏறி இறக்கியது என்னோடு கேத் லேபில் இருக்கும் நெட்டை அண்ணன். அவருக்கு ஏணி எதற்கு என்று கேட்காதே, ஏறினால்தான் வேலை செய்த மாதிரி இருக்குமாம். "எதுக்கும்மா இந்தப் பழைய குப்பை?" என்றார். மகள் பள்ளிக்கூடத்துக்கு என்றேன். சிரித்தார்.

இங்கே புதிதாக ஒன்றும் இல்லை. நான் சேர்ந்தபோது ஒரு நாளைக்கு இரண்டு கேஸ், இப்போது பத்து, பதினொன்று. ஈயம் வைத்த ஏப்ரனைக் காலையில் மாட்டினால் மதியம்தான் கழற்றுகிறேன். ஆறு கிலோ. முதுகுக்கு அப்பா தைலம் தேய்க்கிறார். அவர் தேய்ப்பதைப் பார்த்தால் ஜன்னல் கண்ணாடியைத் துடைப்பது போல இருக்கும்.

சாப்பாட்டை மிச்சம் வைக்காதே. துணியை அன்றன்றைக்குத் துவை.

அம்மா

*

ஜூலை 6

அன்புள்ள அம்மா,

வரைபடம் போட்டுவிட்டேன். நான்கு தாளை ஒட்டிப் போட வேண்டியிருந்தது. டீச்சர் அதை ஆய்வகச் சுவரில் மாட்டினார். அதன் வடிவத்தைச் சொல்கிறேன். முதல் எட்டுப் புள்ளிகள் படி ஏறுவது போல மெல்ல ஏறுகின்றன. பிறகு எனக்கான இடைவெளி. அதன்பின் நான்கு புள்ளிகள் மிக உயரத்தில். அதற்குப் பிறகு கோடு தரைக்கு வந்து, அறுபது புள்ளிகள் தட்டையாக ஓடுகின்றன. எல்லாம் 0.05, அல்லது அதற்குப் பக்கத்தில், அதாவது கிட்டத்தட்ட ஒன்றுமே படாத அளவு.

இயந்திரம் மாறியிருக்கும் என்று முதலில் எழுதினேன். பிறகு நம் வீட்டு அலமாரியில் இருக்கும் படம் நினைவுக்கு வந்தது. புது இயந்திரத்துக்கு ரிப்பன் வெட்டும்போது நீங்கள் எல்லோரும் நிற்பீர்கள், நான் உன் கையைப் பிடித்திருப்பேன். எனக்கு அதில் ஆறு வயது. கோடு அதற்கு ஐந்து வருடம் முன்பே இறங்கிவிட்டது. எனவே அந்த வரியை அடித்துவிட்டேன்.

டீச்சர் எண்களுக்குக் கீழே வீட்டு நிகழ்ச்சிகளையும் குறிக்கச் சொல்லியிருந்தார். நான் ஆறாம் வகுப்பில் இருந்தபோது நீ குளியலறையில் வழுக்கிக் கணுக்காலை உடைத்துக்கொண்டாயே, மூன்று மாதம் வீட்டில் இருந்தாயே, அதையும் குறித்தேன். எனக்கு அது நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் அந்த மூன்று மாதமும் நான் பள்ளிவிட்டு வரும்போது கதவைத் திறக்க நீ இருந்தாய். டீச்சர் விரலை அங்கே வைத்தார். அந்தக் காலாண்டிலும் 0.05.

பக்கத்துக் கட்டில்காரி பின்னால் இருந்து சொன்னாள்: "உங்கம்மா அந்த ரூம்ல நின்னாலும் ஒண்ணு, கட்டில்ல படுத்துக் கெடந்தாலும் ஒண்ணா? நல்ல வேலைடி."

எல்லோரும் சிரித்தார்கள். பேட்ஜ் பழுதாகியிருக்கும் என்று நான் சொன்னேன். சொல்லும்போதே அது சரியாகப் படவில்லை. பதினைந்து வருடம் பழுதாகவா இருக்கும்? நீ விளக்கினால் திருத்தி எழுதிவிடுவேன்.

உன் மகள்

*

ஜூலை 13

அந்த வரைபடத்தைச் சுவரிலிருந்து எடுத்துவிடு. அது ஆஸ்பத்திரிக் காகிதம், ஊர் பார்க்க மாட்டுவதற்கு இல்லை. கொடுத்தது என் தப்பு. மழை அளவோ வேறு எதுவோ வைத்துப் பாடத்தை முடித்துக் கொடு. இதைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் கேட்காதே.

அம்மா

*

ஜூலை 27

அன்புள்ள அம்மா,

எடுத்துவிட்டேன். டீச்சரிடம், அம்மா சம்மதிக்கவில்லை என்று மட்டும் சொன்னேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. அவர் கேட்காமல் இருந்த விதத்தில் அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது.

நீ பெயரைக்கூட எழுதாமல், 'என் வாத்தியாரம்மா' என்றுகூடச் சொல்லாமல் கடிதம் எழுதியது இதுதான் முதல் தடவை. இரண்டு நாள் அதை மடித்து வைத்திருந்தேன். பிறகு நூலகத்துக்குப் போனேன். எனக்குக் கோபம் வந்தால் செய்யக்கூடியது அது ஒன்றுதான் என்று உனக்குத் தெரியும்.

படித்ததைச் சுருக்கமாக எழுதுகிறேன். கதிர் நோயாளியின் உடம்பில் பட்டுச் சிதறும். மேசைக்கு அருகே நிற்கிறவர்கள்மேல் அந்தச் சிதறல் விழும். ஏப்ரன் உடம்பை மறைக்கும், கண்ணை மறைக்காது. கண்ணில் உள்ள வில்லை கதிரைத் தாங்காது. வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டாலும் அதன் பின்பக்கத்தில் வெண்மை படரலாம். பெரும்பாலும் கதிர் வரும் இயந்திரத்தின் பக்கம் இருக்கும் கண்ணில், அதாவது இடது கண்ணில், முதலில். வலிக்காது. வெளிச்சத்தில் கூசும்.

அப்பா போன ஞாயிற்றுக்கிழமை உளறிவிட்டார். "உங்கம்மா கேட்டுல இடிச்சுக்கிட்டா, ஒண்ணுமில்ல, கண் டாக்டர்கிட்டயும் காட்டியாச்சு" என்றார். ஒன்றுமில்லாததற்கு யாரும் கண் டாக்டரிடம் போவதில்லை.

ஒரே கேள்வி. நீ அந்த அறையில் நின்றபோது பேட்ஜ் எங்கே இருந்தது?

உன் மகள்

*

ஆகஸ்ட் 10

அம்மா, இது அஞ்சல் அட்டை. வார்டன் படிப்பார் என்று தெரியும், எனவே இதில் கேள்வி எதுவும் இல்லை. இரண்டு வாரமாகக் கடிதம் வரவில்லை என்பதை மட்டும் தெரிவிக்கிறேன். நலம். துணி துவைக்கிறேன்.

*

ஆகஸ்ட் 19

என் வாத்தியாரம்மாவுக்கு,

நீ கேட்டதற்குப் பதில் ஒரு வரிதான். பேட்ஜ் அறைக்கு வெளியே, ஏப்ரன் தொங்கும் ஸ்டாண்டுக்குப் பின்னால், சுவரில் ஓர் ஆணியில் இருந்தது. இனி எழுதப் போவதெல்லாம் சமாதானம். வேண்டாம் என்றால் இத்தோடு மடித்து வைத்துவிடு.

அந்த அறைக்கு எப்போதும் மூன்று பேர்தான். எண் ஓர் அளவைத் தாண்டினால் கடிதம் வரும், அந்த ஆளை ஒரு வருடம் வேறு வேலைக்கு மாற்றுவார்கள். பதிலுக்கு யாரையும் தர மாட்டார்கள். நீ பிறந்து நான் திரும்பி வந்த வருடம் நெட்டை அண்ணனுக்குக் கடிதம் வந்தது. அவரைத் தூக்கிக் கோப்பு அறையில் போட்டார்கள். மூன்று பேர் வேலையை இரண்டு பேர் பார்த்தோம். நீ பார்த்த அந்த நாலு உயரமான புள்ளி அதுதான். நீ கைக்குழந்தை. பால் கட்டிக்கொண்டு நெஞ்சு கல்லாகிவிடும். மேலே ஆறு கிலோ ஏப்ரன். ஒரு கேஸ் முடிந்து அடுத்தது வருவதற்குள் போய்ப் பாலைப் பிழிந்து ஊற்றிவிட்டு வருவேன். இதை உனக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்ததே இல்லை.

அண்ணன் திரும்பி வந்த அன்று நான் அவரிடம் அழுதுவிட்டேன். அடுத்த கடிதம் எனக்குத்தான் வரும், நான் போனால் இவர்கள் என்ன செய்வார்கள் என்று. அவர் தன் பேட்ஜைக் கழற்றினார். "இனிமே பெரிய கேஸ்னா பேட்ஜுக்கு லீவு. நமக்குத்தான் லீவு இல்ல, அதுவாவது அனுபவிக்கட்டும்" என்றார். அன்றைக்கு நாங்கள் சிரித்தோம். பெரிய கேஸுக்கு என்று ஆரம்பித்தது எல்லாக் கேஸுக்கும் ஆகிவிட்டது. பிறகு கடிதம் யாருக்கும் வரவில்லை. பெரிய டாக்டர் தினமும் அந்த ஆணியைத் தாண்டித்தான் உள்ளே போவார். கேட்டதில்லை. கண்ணுக்குக் கதிர் படாமல் போட்டுக்கொள்ளும் ஈயக் கண்ணாடி ஒன்றே ஒன்று இருந்தது, அதுவும் அவர் மூக்குக்கு அளவெடுத்தது.

கண் டாக்டர் விளக்கைக் காட்டிப் பார்த்துவிட்டு, நான் சொல்வதற்கு முன்பே "என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டார். நீ எழுதியது போலத்தான், வில்லையின் பின்பக்கம், இடது. வலதில் இப்போதுதான் ஆரம்பம். இடதுக்கு ஆபரேஷன் செய்துவிடலாம், ஆனால் அதே அறைக்குத் திரும்பினால் வலதும் போகும் என்றார். ஒலியலை ஸ்கேன் பிரிவுக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். அங்கே கதிர் கிடையாது. கோப்பை வரவழைத்துப் பார்த்தார்கள். அலுவலகத்தில் ஒருவர் என்னைப் பாராட்டினார். "உங்க ரெக்கார்டு மாதிரி சுத்தமா யாருக்கும் இல்லம்மா. உங்களுக்கு இது வேலையால வந்தது இல்ல." கமிட்டி வைத்துப் பேசுவார்களாம்.

உண்மையைச் சொன்னால் அண்ணன் மாட்டிக்கொள்வார். ஓய்வு பெற இன்னும் பதினாலு மாதம். எனக்காகக் கழற்றிய மனிதர். நேற்று கேட்டேன். "சும்மா இரும்மா, வயசானா கண்ணு மங்கத்தான் செய்யும், எனக்கு மங்கலியா?" என்றார்.

என்ன செய்வது என்று உன்னைக் கேட்கவில்லை. கேட்டாய், சொன்னேன்.

அம்மா

*

ஆகஸ்ட் 28

அன்புள்ள அம்மா,

மூன்று முறை படித்தேன். முதல் முறை அழுதேன், இரண்டாம் முறை கோபப்பட்டேன், மூன்றாம் முறை பென்சில் எடுத்துக்கொண்டேன். கைக்குழந்தையாக இருந்ததற்கு மன்னிப்புக் கேட்பதா என்றுகூட யோசித்தேன். அது அபத்தம் என்று தெரிந்து விட்டுவிட்டேன்.

நீ என்னைக் கேட்கவில்லை. ஆனாலும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. பதினைந்து வருடம் பொய் என்று நிரூபிக்க நீ பதினைந்து வருடத்தையும் எடுத்து வைக்க வேண்டியதில்லை. யாரையும் காட்டிக்கொடுக்கவும் வேண்டாம். உன் கணுக்கால் மட்டும் போதும். வேலைக்கே போகாத மூன்று மாதத்துக்கும், தினமும் பதினொரு கேஸ் பார்த்த மூன்று மாதத்துக்கும் ஒரே எண் எப்படி வரும் என்று அவர்களே கேட்கட்டும். விடுப்புக் கடிதம் உன்னுடையது, பேட்ஜ் எண் உன்னுடையது. வேறு யார் பெயரும் அந்த இரண்டு தாளிலும் இல்லை.

அவர்கள் உன்னைத் தண்டிக்கக்கூடும். அதை நான் மறக்கவில்லை. எனக்குத் தண்டனையின் கணக்கு தெரியாது. வலது கண் ஒன்றுதான் மிச்சம் என்பது தெரியும்.

அண்ணன் சொன்னதில் ஒரு வார்த்தை எனக்கு உறுத்துகிறது. "எனக்கு மங்கலியா" என்றாராமே. அவர் விளையாட்டுக்குச் சொன்னாரா? விடுமுறையில் உன்னைப் பார்க்க வந்தபோது, அவர் என் புத்தகத்தை வாங்கித் தலைப்பை என்னையே படிக்கச் சொன்னார். அப்போது அதை மரியாதை என்று நினைத்தேன்.

டீச்சரிடம் நான் பழுது என்று சொன்னது பொய் என்று போய்ச் சொல்லிவிட்டேன். காரணம் சொல்லவில்லை. பொய் என்பதை மட்டும் சொன்னேன்.

உன் மகள்

*

செப்டம்பர் 15

என் வாத்தியாரம்மாவுக்கு,

கமிட்டி நேற்று கூடியது. நீண்ட மேசை, நாலு பேர், தண்ணீர்ப் புட்டி மூன்று. நான் போனதும் நாலாவது புட்டி கொண்டுவரச் சொன்னார்கள். அது எனக்கு இல்லை, தலைவருக்கு.

இரண்டு தாளையும் பக்கம் பக்கமாக வைத்தேன். நீ சொன்னபடிதான். தலைவர் முதலில் தேதியைப் பார்த்தார், அப்புறம் எண்ணைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார்.

"பேட்ஜ் எங்க இருந்துச்சு?"

"வெளிய. ஆணியில."

"எத்தனை வருஷமா?"

"பதினஞ்சு."

"மத்தவங்களுது?"

"என்னுதைப் பத்தி மட்டும் கேளுங்க சார்."

பெரிய டாக்டரும் அந்த நாலு பேரில் ஒருவர். அவர் புட்டியின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தார்.

என்னை ஸ்கேன் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். கூடவே விதியை மீறியதற்கு விளக்கம் கேட்டு ஒரு மெமோ. கண்ணுக்கு வந்தது வேலையால் வந்தது என்று எழுதித் தர முடியாதாம். அளக்காத எண்ணை எந்தக் கட்டத்தில் போடுவது என்று கேட்டார்கள். மூன்று பேருக்கும் கண் பரிசோதனை செய்ய உத்தரவு போட்டார்கள்.

அண்ணன் என்னோடு பேசவில்லை. மெமோவைக் கையில் வைத்துக்கொண்டு நான் வெளியே வந்தபோது நடைபாதையில் நின்றார். "பிள்ளைய வக்கீலுக்குப் படிக்க வை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். பாராட்டு இல்லை அது.

அம்மா

*

செப்டம்பர் 24

அன்புள்ள அம்மா,

நீ அந்த அறையிலிருந்து வெளியே வந்துவிட்டாய். நான் இந்த வாக்கியத்தை நோட்டுப் புத்தகத்தில் எழுதித் தேதி போட்டு வைத்திருக்கிறேன்.

ஆனால் அண்ணன் சொன்னது என்னுடனேயே இருக்கிறது. நூலகத்தில் உட்கார்ந்துகொண்டு யோசனை சொல்வது சுலபம். அதே நடைபாதையில் தினமும் அவரைப் பார்க்கப் போவது நீ. அவருடைய கண் பரிசோதனை முடிந்ததா? ஆபரேஷன் எப்போது என்பதையும் எழுது. அப்பாவைக் கேட்டால் "ஒண்ணுமில்ல" என்கிறார், அந்த வார்த்தையைக் கேட்டால் இப்போது எனக்குப் பயமாக இருக்கிறது.

உன் மகள்

*

அக்டோபர் 12

என் வாத்தியாரம்மாவுக்கு,

ஆபரேஷன் முடிந்து ஒன்பது நாள். கட்டு எடுத்ததும் முதலில் தெரிந்தது நம் வீட்டுச் சுவர் எவ்வளவு அழுக்கு என்பது. அப்பாவிடம் சொன்னேன். "பழைய கண்ணே பரவாயில்ல" என்கிறார்.

ஸ்கேன் அறையில் வேலை சின்னது. திரை, ஒரு நாற்காலி, வயிற்றில் தடவும் பசை. காலையில் உள்ளே போகும்போது தோள் தானாக முன்னால் குனிகிறது, ஏப்ரனை வாங்கிக்கொள்ள. இன்னும் பழகவில்லை. கேத் லேபில் ஆள் குறைந்ததால் வாரத்தில் இரண்டு நாள் அறையைப் பூட்டுகிறார்கள். வெளியே நோயாளிகள் சுவரோரமாக உட்கார்ந்திருக்கிறார்கள். நான் அவர்களைத் தாண்டித்தான் போகிறேன். அவர்கள் யாரும் என்னைத் திட்டவில்லை. காரணம் நான்தான் என்று அவர்களுக்குத் தெரியாது.

கண் பரிசோதனை முடிந்தது. எங்களில் மூன்றாவது ஆள், புதிதாகச் சேர்ந்த பெண், அவளுக்கு ஒன்றும் இல்லை. அண்ணனுக்கு இரண்டு கண்ணிலும். எனக்கு வருவதற்கு முன்பிருந்தே இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். உனக்கு உறுத்தியது சரிதான். இதயக் குழாய்க்குள் வைக்கும் ஸ்டென்ட்டின் பெட்டியில் இருக்கும் அளவை ஆறு வருடமாக என்னைத்தான் வாசிக்கச் சொல்வார், "நீ படி, எனக்குச் சலிப்பா இருக்கு" என்று. மூத்தவர் ஆயிற்றே, வேலை வாங்குகிறார் என்று நினைத்தேன். ஆறு வருடம் பக்கத்தில் நின்றும் எனக்குத் தெரியவில்லை.

நேற்று மதியம் ஸ்கேன் அறைக்கு வந்தார். ஒரு மாதத்துக்குப் பிறகு. கதவைச் சாத்திவிட்டு நோயாளி படுக்கும் கட்டிலில் உட்கார்ந்தார். கால் தரையில் நீண்டு கிடந்தது. கையில் வெள்ளைத் தாள்.

"கமிட்டிக்கு நானும் எழுதணும். நீ எழுது, நான் சொல்றேன்."

நீங்களே எழுதலாமே அண்ணே என்றேன்.

"கோடு தெரியல."

எழுத உட்கார்ந்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "முதல்ல கழட்டினது நான். மத்தவங்களக் கழட்டச் சொன்னதும் நான். அந்தப் பொண்ணு அப்பக் கைப்பிள்ளைக்காரி, வேற வழி இல்லாம என் பேச்சக் கேட்டுச்சு."

அது முழு உண்மை இல்லை. நான் அவரிடம் அழுததால்தான் அவர் கழற்றினார். அதைச் சொன்னேன். "என் கடிதம், நான் சொல்றத எழுது. ஒன்னோடதுல நீ என் பேரச் சொன்னியா?" என்றார்.

'மூவரும் சேர்ந்து' என்று எழுதிவிடலாமா என்று பேனா ஒரு கணம் நின்றது. அவரால் படிக்க முடியாது. மிச்சம் இருக்கும் மாதங்கள் அவருக்குப் பத்திரமாக முடிந்திருக்கும். எத்தனை வருடம் ஒருவருக்கொருவர் நல்லது செய்கிறோம் என்று நினைத்துத் தப்பான காகிதம் அனுப்பினோம் என்று உனக்குத் தெரியும், நீதான் எண்ணினாய்.

அவர் சொன்னபடியே எழுதினேன். அதற்குக் கீழே, தேதி போட்டு, நான் கேட்டுத்தான் அவர் கழற்றினார் என்று ஒரு வரி எழுதி என் கையெழுத்தைப் போட்டேன். இரண்டையும் அவருக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். என் வரி வந்தபோது தலையை ஆட்டினார், வேண்டாம் என்றா சரி என்றா தெரியவில்லை. பிறகு பேனாவை வாங்கிக்கொண்டார். அவர் விரலைப் பிடித்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் வைத்தேன்.

அம்மா